தொப்பிக்காரர் படமும் ஓடையோடு போன பொங்கல் பானையும்

இதை எழுத வேண்டும் என்று எத்தனையோ தடவை பேனாவை எடுத்திருக்கிறேன். எடுத்த வேகத்தில் மூடியும் வைத்திருக்கிறேன். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான், எழுத்துப் பிழை வருமே என்கிற கூச்சம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிய தயக்கம் வேறு. சாமி காப்பாற்றியது என்று எழுதினால் படிக்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அதில் தொப்பி வைத்த வெள்ளைக்காரர்கள் குதிரையில் வந்து சுட்டுக்கொள்கிற சினிமாவுக்கும் பங்கு உண்டு என்று எழுதினால் என்ன சொல்வார்கள்? இப்படி யோசித்தே வருடங்கள் ஓடிவிட்டன. இப்போது என் பேரன் பள்ளிக்கூடம் போகிறான். அவன் காதில் இந்தக் கதை வேறு மாதிரி விழ ஆரம்பித்துவிட்டது. இனியும் சும்மா இருக்கக் கூடாது.

கொரோனாவுக்கு முந்தின வருடம், ஐப்பசி மாதம். கோவில்பட்டியில் இருந்து பசுவந்தனை போகிற வழியில் இறங்கி உள்ளே போனால் எங்கள் குலதெய்வம் அய்யனார் கோயில். சுற்றிலும் கரிசல் காடு. கோயிலுக்குத் தெற்கே ஒட்டினாற்போல ஒரு ஓடை. அங்கே வைத்துத்தான் என் மகள் வயிற்றுப் பேரனுக்கு மொட்டை போட்டுக் காது குத்துவதாக நேர்ந்திருந்தோம். கல்யாணமாகி ஆறு வருடம் கழித்துப் பிறந்த பிள்ளை. அவன் பிறக்க வேண்டும் என்று நான் இருக்காத விரதம் இல்லை.

முதலில் என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். சிறு வயதில் இருந்தே மாவு மில்லில் நின்றவர். இப்போது எங்களுக்கே சொந்தமாக ஒரு சின்ன மில் இருக்கிறது. அந்தச் சத்தத்திலேயே காலம் போனதில் காது போய்விட்டது. இடது காதுப் பக்கம் போய்க் கத்தினால் கொஞ்சம் கேட்கும். மகள் காது மிஷின் வாங்கிக் கொடுத்தாள். மாட்டினால் மில் சத்தம் மண்டைக்குள் அரைக்கிறது என்று கழற்றி வைத்துவிட்டார்.

காது கேட்காத மனுஷருக்குப் பொழுதுபோக்கு என்ன? தமிழ்ப் படம் என்றால் பேசிக்கொண்டே இருக்கிறார்கள், ஒன்றும் விளங்கவில்லை என்பார். அப்படித்தான் இந்தக் குதிரைப் படங்களில் போய் விழுந்தார். முன்பு டிவியில், பிறகு மருமகன் வாங்கிக் கொடுத்த போனில். மிளகாய் வற்றலும் கோதுமையும் அரைத்துக்கொண்டே, போனை உமி பிடிக்கிற தகர டப்பாவில் சாய்த்து வைத்துப் பார்ப்பார். சத்தமே வைப்பதில்லை.

"இதுல என்னதான் இருக்குன்னு இப்படிப் பாக்குதீங்க?" என்று ஒருநாள் அவர் காதில் கத்திக் கேட்டேன்.

"இதுல எவனும் பேச மாட்டாம்ட்டி. கண்ணாலயேதான் எல்லாம். நான் பாக்கதுக்குன்னே எடுத்த மாதிரி இருக்கு" என்றார். பிறகு போனைத் திருப்பிக் காட்டினார். "இந்தக் காட்டப் பாரு. தண்ணியில்லாத சீமை. கள்ளி, முள்ளு, புழுதி. நம்ம சித்திரை மாசத்துக் காடு மாதிரியே இல்ல? மண்ணுதான் செவப்பு."

எனக்கு அதெல்லாம் கண்ணில் படவில்லை. சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒருத்தனை ஒருத்தன் சுடுகிறான், சாராயக் கடையில் நாற்காலியை உடைக்கிறான், சவப்பெட்டி செய்கிறவன் அளவெடுத்துக்கொண்டு நிற்கிறான். வீட்டுக்கு ஆகுமா? நான் சாமி படத்தின் முன்னால் உட்கார்ந்து பாட்டுப் புத்தகத்தைச் சத்தமாகப் படிப்பேன். அவருக்குத்தான் கேட்காதே.

என் தம்பிக்கு இதில் ஒரே கேலி. வீட்டுக்குள் நுழையும்போதே அவர் காதுக்குக் கிட்டப் போய், "என்ன அத்தான், இன்னைக்கு எத்தன பேரு காலி?" என்று கத்துவான்.

"நாலு பேருலே. அஞ்சாவதுக்கு ஆளு இல்லாம உன்னத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்" என்பார் இவர், சிரிக்காமல்.

காது குத்துக்கு இரண்டு வேனில் போனோம். ஏறும்போதே நான் அவர் போனை வாங்கி என் பைக்குள் வைத்துக்கொண்டேன். "சாமி கும்பிடப் போற எடத்துல சுடுத படம் வேண்டாம்" என்று சைகையில் சொன்னேன். மனுஷர் கையைத் தட்டிவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்துகொண்டார்.

நாங்கள் போய் இறங்கும்போது லேசாகத் தூறிவிட்டு ஓய்ந்திருந்தது. கரிசல் மண்ணைப் பற்றித் தெரிந்தவர்களுக்குத் தெரியும், கொட்டுகிற மழைகூடப் பரவாயில்லை, இந்தத் தூறல்தான் பாடாய்ப் படுத்தும். இறங்கி நாலு எட்டு வைப்பதற்குள் செருப்பு ஒவ்வொன்றும் படிக்கல் கனம் கனத்துவிட்டது. கழற்றினால் காலில் அப்புகிறது. கோயில் முன்னால் பாய் விரிக்க முடியாது, அடுப்புக்கல் வைத்தால் புதைகிறது. பட்டுச்சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பெண்கள் எல்லாம் நொண்டி ஆட்டம் ஆடுகிற மாதிரி நின்றோம்.

ஓடையைப் பார்த்தால் வெள்ளை வெளேரென்று மணல். தூறல் விழுந்த தடம்கூடத் தெரியாமல் அத்தனையும் உறிஞ்சிவிட்டு, தட்டினால் உதிருகிற மாதிரி சுத்தமாகக் கிடந்தது. எங்கள் பக்கம் ஈர நாளில் பொங்கல் வைக்கிறவர்கள் எல்லாரும் செய்கிற காரியம்தான். பானை, விறகு, பாய் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு வண்டித்தடம் வழியாக ஓடைக்குள் இறங்கிவிட்டோம்.

பூசாரியும், "தாராளமா வைங்க தாயி. இந்த ஓடையில தண்ணியப் பாத்தே எத்தனையோ வருசமாச்சு" என்றார்.

பக்கத்தில் ரோட்டுக்குப் போட்ட சிறுபாலம் ஒன்று. திரும்பவும் தூறினால் பிள்ளை நனையக் கூடாது என்று, பாலத்தடியில் மணலில் பாய் விரித்து, சேலையை நாலாக மடித்துப் போட்டு, மொட்டை போட்ட பேரனைத் தூங்க வைத்தாள் மகள். சந்தனம் பூசிய தலையோடு வாயைத் திறந்துகொண்டு அப்படி ஒரு தூக்கம். பொங்கல் பொங்கியதும் படையல் போட்டு, தம்பி மடியில் உட்கார வைத்துக் காது குத்த வேண்டும். எனக்கு மகன் இல்லாததால் தாய்மாமன் ஸ்தானம் தம்பிக்கு. ஆசாரியும் வந்து கோயில் படியில் காத்திருந்தார்.

என் வீட்டுக்காரர் மட்டும் கீழே இறங்கவில்லை. கரை மேல் மண்குதிரைகள் வரிசையாக நிற்கும். அய்யனாருக்கு நேர்ந்துகொண்டவர்கள் செய்து வைத்தவை. அதில் ஒரு குதிரையின் காலடித் திண்டில் துண்டை விரித்து உட்கார்ந்துகொண்டார். கையில் போன் இல்லையே. வெறும் காட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். பொட்டல் காட்டில் அப்படி என்ன பார்க்க இருக்கிறது என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

கோயிலில் ஒலிபெருக்கி கட்டி சாமிப் பாட்டுப் போட்டிருந்தார்கள். காது கிழிகிற சத்தம். கீழே பானையில் பால் நுரை கட்டிக்கொண்டு வந்தது. பெண்கள் எல்லாம் குலவை போடத் தயாராகச் சுற்றி நின்றோம். அந்த நேரம் பார்த்துக் கரை மேல் இருந்து அவர் எழுந்து நின்று கையை வீசி என்னமோ கத்தினார், பாட்டுச் சத்தத்தில் ஒன்றும் விளங்கவில்லை. காது கேட்காதவர் பேச்சு எப்போதுமே கத்தல்தானே. யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

"அத்தான் காப்பி கேக்காவ போல. யாராவது ஒரு கிளாஸ் கொண்டு குடுங்களேன்" என்றான் தம்பி.

அவர் திரும்பவும் கத்தினார். துண்டை எடுத்துச் சுற்றினார். "இருங்க, வருது!" என்று மகள் காப்பியை நினைத்துக்கொண்டு, கிளாசைத் தூக்கிக் குடிக்கிற மாதிரி சைகை காட்டினாள். அவர் தலையில் அடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

அடுத்த நிமிடம் வண்டித்தடத்தில் இறங்கி ஓடி வந்தார். ஐம்பத்தெட்டு வயது மனுஷர் அப்படி ஓடி நான் பார்த்ததில்லை. எங்கள் யாரையும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. நேராகப் பாலத்தடிக்குப் போனார். தூங்குகிற பிள்ளையைச் சேலையோடு சேர்த்து வாரி எடுத்து மாரில் இறுக்கிக்கொண்டு, வந்த வழியே கரையேறி ஓடினார். பிள்ளை திடுக்கிட்டு முழித்து, வீலென்று அலறினான்.

"அப்பா! அப்பா! பிள்ளைய எங்க தூக்கிட்டுப் போறீங்க?" என்று மகள் அலறிக்கொண்டு பின்னால் ஓடினாள்.

"மாமா, நில்லுங்க! விழுந்துருவீங்க!" என்று மருமகன் ஓடினார்.

"அத்தானுக்குக் கிறுக்குப் பிடிச்சிட்டுலே, பிடிங்கலே!" என்று தம்பி ஓடினான். குலவை போட வந்த பெண்கள், மருமகன் வீட்டு எட்டயபுரத்துச் சொந்தக்காரர்கள், விறகு தள்ளிக்கொண்டிருந்தவர்கள் என்று எல்லாரும் என்னவோ ஏதோ என்று பின்னாலேயே ஓடினார்கள். யாரையாவது பாம்பு கடித்துவிட்டதோ என்று ஓடினவர்களும் உண்டு. ஓடைக்குள் ஒரு ஈ காக்கை மிச்சமில்லை.

நான் மட்டும் போகவில்லை. தாத்தா பேரனைத் தூக்குகிறார், இதற்கு ஏன் இத்தனை ஆர்ப்பாட்டம் என்று எனக்கு எரிச்சல். பொங்கப் போகிற பானையை விட்டுவிட்டு நகரலாமா? கிழக்குப் பார்த்துப் பொங்கினால் பிள்ளைக்கு நல்லது என்பது எங்கள் நம்பிக்கை. அதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று, அகப்பையைக் கையில் பிடித்துக்கொண்டு, கிழக்கு விளிம்பையே குனிந்து பார்த்துக்கொண்டு நின்றேன். என் முதுகு மேற்கே பார்த்து இருந்தது.

பால் கிழக்கே பொங்கி வழிந்தது. "அய்யனாரே!" என்று நான் கையெடுக்கவும், அடுப்பு புஸ்ஸென்று புகைந்தது. பால் கொட்டித்தான் அணைகிறது என்று நினைத்தேன். குனிந்தால், பாதத்தைச் சுற்றி வைக்கோலும் நுரையும் ஆட்டுப் புழுக்கையுமாகக் கறுப்புத் தண்ணீர். எங்கிருந்து வந்தது என்று யோசிப்பதற்குள் கணுக்கால் நனைந்துவிட்டது. திரும்பிப் பார்த்தேன். ஓடையின் வளைவில் முள்செடியெல்லாம் பிடுங்கிக்கொண்டு உருண்டு வருகிறது. அது தண்ணீர் என்றே எனக்கு முதலில் தெரியவில்லை. கரிசல் காடே எழுந்து நடந்து வருகிற மாதிரி இருந்தது.

கால் அசையவில்லை. சாமி பேர்கூட வாயில் வரவில்லை.

யாரோ என் முழங்கைக்கு மேலே பிடித்து ஒரு இழுப்பு இழுத்தார்கள். அவர்தான். பிள்ளையை மகள் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பவும் கீழே இறங்கி வந்திருக்கிறார். வண்டித்தடத்தில் பாதி ஏறும்போது தண்ணீர் முழங்காலைப் பிடித்துவிட்டது. காலுக்கடியில் மண் கரைகிறது. மேலே இருந்து தம்பி வேட்டியைக் கழற்றி வீசினான், மருமகன் அவன் இடுப்பைப் பிடித்துக்கொண்டார். வேட்டியைப் பிடித்து நாங்கள் இரண்டு பேரும் ஏறி, மண்குதிரையின் காலைக் கட்டிக்கொண்டு திரும்பிப் பார்த்தபோது, அடுப்புக்கல் இருந்த இடமும் தெரியவில்லை, பாய் விரித்த இடமும் தெரியவில்லை. பாலத்தடியில் தண்ணீர் மேல் விளிம்பைத் தொட்டுக்கொண்டு சீறியது. கொஞ்ச நேரத்துக்கு முன்னால் என் பேரன் வாயைத் திறந்துகொண்டு தூங்கின இடம் அது.

யாரோ ஒலிபெருக்கியை நிறுத்தினார்கள். அப்போதுதான் அந்தச் சத்தம் எங்களுக்கே கேட்டது. அம்மாடி, அப்படி ஒரு இரைச்சல். அது வந்துகொண்டேதான் இருந்திருக்கிறது. காது உள்ள நாங்கள் பாட்டையும் குலவையையும் கேட்டுக்கொண்டு நின்றோம். மேற்கே ராத்திரி பேய் மழை பெய்து ஒரு கண்மாய்க் கரை உடைந்துவிட்டதாகப் பிறகு சொன்னார்கள்.

ஆட்கள் எல்லாம் இருக்கிறார்களா என்று ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எல்லாரும் இருந்தோம். பெண்கள் அழுதார்கள். தம்பி வேட்டி இல்லாமல் டவுசரோடு உட்கார்ந்திருந்தான். பிறகு எழுந்து வந்து அவர் இடது காதில் கத்தினான்.

"எப்படித் தெரியும் அத்தான்?"

அவர் மேற்கே கையைக் காட்டினார். "அங்கன செம்மறி மேஞ்சுக்கிட்டு இருந்துச்சு. திடீர்னு அம்புட்டு ஆடும் தலையத் தூக்கி மேக்க பாத்துச்சு. யாரும் பத்திவிடாமலே கரையேறிட்டு. அதுக்கு அங்கிட்டு ஓடைக்குள்ள பூச்சி பொறக்கிக்கிட்டு இருந்த கொக்கு எந்திரிச்சுது, பெறகு கொஞ்சம் இங்கிட்டு ஒரு கொக்கு, பெறகு இன்னும் இங்கிட்டு. என்னமோ ஓடைக்குள்ளயே நடந்து வருதுன்னு தெரிஞ்சு போச்சு. படத்துல எப்பவும் அப்படித்தாம்லே. குண்டு வெடிக்கதுக்கு முன்னால குதிரைக்குத் தெரிஞ்சிரும். சுடுதவன் மூஞ்சியப் பாக்கப்படாது, குதிரையப் பாக்கணும். வறண்ட ஓடையில தண்ணி வந்து வண்டிய இழுத்துட்டுப் போறதும் அந்தப் படத்துலதான் பாத்திருக்கேன்."

"அதுக்குப் பிள்ளைய ஏன் தூக்கிட்டு ஓடினீங்கப்பா? சொல்லியிருக்கலாம்ல?" என்று மகள் அழுகையும் கோபமுமாக அதே காதில் கத்திக் கேட்டாள்.

"சொன்னேனே. காப்பி வருதுன்னுல்ல சொன்னிய?" என்றார். அத்தனை கண்ணீரிலும் இரண்டு மூன்று பேர் சிரித்துவிட்டார்கள். பிறகு அவர் கொஞ்சம் தணிந்து சொன்னார். "மாட்டுமந்தை ஆத்தக் கடக்க மாட்டேன்னு நிக்கும். அடிச்சாலும் நகராது. அப்ப அந்தத் தொப்பிக்காரன் என்ன செய்வான்? ஒரு கன்னுக்குட்டியத் தூக்கிக் குதிரையில குறுக்காப் போட்டுக்கிட்டு முன்னால போவான். தாய்ப்பசு கத்திக்கிட்டே பின்னால வரும். அது வந்தா மந்தையே வந்துரும்."

தம்பி வீட்டில் நாலு மாடு நிற்கிறது. "கன்னத் தூக்கினா பசு வரும்னு எனக்குந்தான் தெரியும். இந்த நேரத்துல தோணணுமே" என்றான். அப்புறம் அவன் அவரைக் கேலி பேசியதே இல்லை என்று சொன்னால் பொய். இப்போதும் பேசுகிறான். ஆனால் வந்ததும் முதலில் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் பேசுகிறான்.

பானை போய்விட்டதே, படையலுக்கு என்ன செய்ய என்று நான் கலங்கி நின்றேன். பூசாரிதான், "பொங்கின பானைதான தாயி? அய்யனாரே கையோட வாங்கிட்டுப் போயிட்டாருன்னு நெனச்சுக்கிடுங்க" என்று திருநீறு கொடுத்தார். வாழைப்பழமும் தேங்காயும் வேனில் இருந்தன. அதை வைத்துக் கும்பிட்டுவிட்டு, கோயில் படியிலேயே காது குத்தினோம். தம்பிக்கு யாரோ ஒரு துண்டைக் கட்டிவிட்டார்கள். பிள்ளை அலறிய அலறலில் எல்லாரும் காதைப் பொத்திக்கொண்டார்கள். தாத்தா மட்டும் பொத்தவில்லை. அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு, அவனோடு சேர்ந்து அழுதுகொண்டிருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் பையில் இருந்து போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். அந்தப் படங்களில் வருகிறவர்கள் மாதிரி ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டோம், அவ்வளவுதான். நான் அன்றைக்குப் போனைப் பிடுங்கி வைத்ததால்தான் அவர் கண் காட்டின் மேல் இருந்தது என்று பிறகு தோன்றியது. அதையும் சாமி கணக்கிலேயே வைத்துக்கொண்டேன். இப்போது சாயங்காலம் விளக்கு ஏற்றிவிட்டு, நானும் கொஞ்ச நேரம் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறேன். சுடுகிறபோது கண்ணை மூடிக்கொள்வேன். குதிரை வந்தால் அதன் காதைப் பார்ப்பேன். அந்த வறண்ட சீமையும் நம் காடு மாதிரிதான் இருக்கிறது, அவர் சொன்னது சரிதான்.

விளக்கு ஏற்றும்போது என் வேண்டுதலில் ஒரு வரி கூடியிருக்கிறது. எங்கேயோ கண்காணாத தேசத்தில், வெயிலில் நின்று, கன்றுக்குட்டியைத் தூக்கிப் போகிற மாதிரி ஒரு காட்சியை எடுத்தவர்கள் யாரோ. கோவில்பட்டியில் ஒரு மாவு மில்லில் இதை ஒருவர் பார்ப்பார், ஒரு குடும்பம் பிழைக்கும் என்று அவர்களுக்குத் தெரிந்திருக்குமா? அவர்கள் பிள்ளைகுட்டிகள் நன்றாக இருக்க வேண்டும் என்று கும்பிட்டுக்கொள்கிறேன். அய்யனாரும் குதிரைக்காரர்தானே, கோபித்துக்கொள்ள மாட்டார்.

இதற்குள் எங்கள் சொந்தத்தில் கதை மாறிவிட்டது. அய்யனார் மண்குதிரையில் இருந்து இறங்கி வந்து, "ஓடு, பிள்ளையத் தூக்கு" என்று அவர் காதில் சொன்னாராம். போன வருடக் கோயில் கொடைத் திருவிழாவில் மைக்கிலேயே சொன்னார்கள். பேரனும் பள்ளிக்கூடத்தில் அப்படித்தான் சொல்லிவிட்டு வந்திருக்கிறான். எல்லாரும் இப்படிச் சொல்கிறார்கள் என்று அவருக்கு எழுதிக் காட்டினேன். வாசித்துவிட்டுச் சிரித்தார். "அய்யனாரு பேரச் சொல்லட்டும், நல்லதுதான். ஆனா அந்த ஆட்ட மறந்துட்டாங்களேட்டி. அந்தத் தொப்பிக்காரனையும்" என்றார்.

அதனால்தான் கேட்டுக்கொள்கிறேன். மழைக்காலத்தில் ஓடை மணலில் அடுப்புக் கூட்டுகிற யாருக்காவது இதைச் சொல்லுங்கள். சொல்லும்போது அழகுக்கு எதையும் சேர்க்காதீர்கள், வெட்கப்பட்டு எதையும் விட்டுவிடாதீர்கள். செம்மறி ஆடும் இருக்கட்டும், கொக்கும் இருக்கட்டும், வராத காப்பியும் இருக்கட்டும், குதிரைப் படமும் இருக்கட்டும். காது கேட்காத மனுஷருக்குச் சாமி காதில் வந்து சொல்லவில்லை, கண்ணில்தான் காட்டியது. அது எதையெல்லாம் வைத்துக் காட்டியதோ, அதையெல்லாம் விடாமல் சொல்வதுதான் எனக்குத் தெரிந்த நன்றி.